மார்பளவு தண்ணீரில் நடந்தால் பி.பி. குறையுமா?

ஆறுமுகநேரி:

ஆறுமுகநேரி என்றதும் வெள்ளை வெளேரென்று குவிந்து கிடக்கும் உப்புதான் ஞாபகத்துக்கு வரும். ரத்தக்கொதிப்பு என்று போனால் டாக்டர் முதலில் குறைக்கச் சொல்வதும் அதே உப்பைத்தான். அடுத்து, 'தினமும் நடங்க' என்பார். முழங்கால் வலியோடு இருப்பவர்கள் எங்கே போய் நடப்பது?

அவர்களுக்குத் தோதானது தண்ணீருக்குள் செய்யும் உடற்பயிற்சி. மார்பளவு தண்ணீரில் நின்றால் உடம்பின் எடை பாதிக்கு மேல் குறைந்து விடும். மூட்டில் பாரம் இறங்காது. அதே நேரம் தண்ணீரைத் தள்ளிக் கொண்டு நடப்பதால் தசைக்கு வேலை அதிகம்.

இதனால் பி.பி. எப்படி குறைகிறது? தண்ணீர் சுற்றிலும் இருந்து காலையும் வயிற்றையும் அழுத்துகிறது. அங்குள்ள ரத்தம் நெஞ்சுக்கு ஏறுகிறது. இதயத்தின் மேல் அறை விரிந்ததும் ஒரு ஹார்மோன் சுரக்கிறது. அது சிறுநீரகத்துக்குப் போய், 'உப்பையும் தண்ணியையும் வெளியே தள்ளு' என்கிறது. குளத்தில் இறங்கிய கொஞ்ச நேரத்தில் ஒண்ணுக்கு வருவதன் ரகசியம் இதுதான். வெதுவெதுப்பான தண்ணீர் என்றால் ரத்தக்குழாய்களும் விரிந்து கொடுக்கும்.

பிரேசில் நாட்டில் 2014-ல் வெளியான ஆய்வு ஒன்றில், பல மாத்திரை சாப்பிட்டும் பி.பி. அடங்காத 32 பேர் சேர்க்கப்பட்டனர். அதில் பாதி பேர் 32 டிகிரி வெதுவெதுப்பான குளத்தில் வாரம் 3 நாள், 1 மணி நேரம் வீதம் 12 வாரம் பயிற்சி செய்தனர். இவர்களது 24 மணி நேர சராசரி மேல் அழுத்தம் 137-ல் இருந்து 120 ஆக இறங்கியது. பயிற்சி செய்யாதவர்களுக்கு இந்த இறக்கம் இல்லை. சின்ன ஆய்வுதான். ஆனாலும் லேசான விஷயம் இல்லை.

'உப்பளத்துல நாள் முழுக்க தண்ணிக்குள்ளதானே நிக்கோம், எங்களுக்கு ஏன் குறையல?' என்று கேட்கலாம். கணுக்கால் அளவு தண்ணீருக்கு ரத்தத்தை மேலே தள்ளும் பலம் கிடையாது. ஆழம்தான் முக்கியம். வெயிலில் வேர்த்து உடம்பு வற்றுவது தனிக் கேடு.

நம் ஊரில் பிரச்சினை வேறு. வெந்நீர் குளத்துக்கு எங்கே போக? பக்கத்தில் இருப்பது கடல். திருச்செந்தூரில் அமாவாசை, பவுர்ணமி சமயங்களில் கடல் உள்வாங்குவதும் சீறுவதும் சகஜம். அலையில் நின்று கொண்டு உடற்பயிற்சி செய்ய முடியாது. நீச்சல் குளம், அல்லது ஆழம் தெரிந்த, ஓட்டம் இல்லாத தண்ணீர்தான் சரி. தனியாக இறங்கக்கூடாது.

முத்துக்குளிக்கிற மாதிரி மூச்சைப் பிடித்து முங்குவதும் வேண்டாம். மூச்சை அடக்கி முங்கினால் கை, கால் ரத்தக்குழாய்கள் சுருங்கி அழுத்தம் ஏறும். ஜில்லென்ற தண்ணீரில் திடீரென்று குதித்தாலும் இதே கதைதான்.

பி.பி. 180-க்கு மேல் இருப்பவர்கள், நெஞ்சுவலி உள்ளவர்கள், ஆறாத புண் உள்ள சர்க்கரை நோயாளிகள் டாக்டரைக் கேட்காமல் இறங்கவே கூடாது. ரெண்டு வாரம் தண்ணீரில் நடந்துவிட்டு மாத்திரையை நிறுத்துவது பெரிய தப்பு. ஆரம்ப சுகாதார நிலையத்தில் காசில்லாமல் பி.பி. பார்த்து எழுதி வைத்துக் கொள்ளலாம். அளவு இறங்கினால் மாத்திரையைக் குறைப்பது டாக்டர் வேலை.

கரையேறும்போதும் அவசரம் கூடாது. தண்ணீரின் பிடி விட்டதும் ரத்தம் மறுபடி காலுக்கு இறங்கி தலை சுற்றும். படியில் கொஞ்ச நேரம் உட்கார்ந்துவிட்டு எழுந்திருப்பது நல்லது.