கூடலூரில் கொட்டுது... கோத்தகிரியில் காயுது! ஒரே மாவட்டத்தில் 2 மழைக்காலம் ஏன்?

ஊட்டி:
"ஆகஸ்டு மாசம் தாண்டியாச்சு, இனி பயமில்லை" என்று மலையில் யாராவது சொன்னால் நம்பிவிடாதீர்கள். நீலகிரிக்கு மழை 2 பக்கமிருந்து வருகிறது. ஒரு பக்கம் ஓயும்போது மறுபக்கம் ஆரம்பிக்கும்.

ஜூன் முதல் செப்டம்பர் வரை வீசும் தென்மேற்கு பருவக்காற்று, அரபிக்கடலின் ஈரத்தை சுமந்து வருகிறது. மேற்கு சரிவில் மோதி மேலே ஏறும்போது குளிர்ந்து மழையாக கொட்டுகிறது. கூடலூர், பந்தலூர், தேவாலா, அவலாஞ்சி எல்லாம் நனைவது இதில்தான். 2,637 மீட்டர் உயர தொட்டபெட்டாவை தாண்டி கிழக்கே இறங்கும் காற்றில் ஈரம் குறைந்துவிடும். அதனால்தான் கூடலூர்க்காரர் குடையும் கையுமாக அலையும்போது, கோத்தகிரிக்காரர் "எங்க ஊர்ல வெறும் தூறல்தான்" என்கிறார்.

அக்டோபர் வந்தால் கதை தலைகீழ். வங்கக்கடலில் இருந்து வரும் வடகிழக்கு பருவக்காற்று கிழக்கு சரிவில் மோதும். இப்போது குன்னூர், கோத்தகிரி, கேத்தி பகுதிகளின் முறை. மேட்டுப்பாளையம்-குன்னூர் மலை ரெயில் பாதையில் மண் சரிந்து ரெயில் ரத்தாவதும் பெரும்பாலும் இந்த சமயத்தில்தான்.

ஒரே நாளில் 82 செ.மீ.

2009-ம் ஆண்டு நவம்பர் 10-ந்தேதி காலையுடன் முடிந்த 24 மணி நேரத்தில் கேத்தியில் 82 செ.மீ. மழை கொட்டியது. அந்த மழையில் மண் சரிந்து மாவட்டத்தில் 40-க்கும் மேற்பட்டோர் பலியானார்கள். 2019-ம் ஆண்டு ஆகஸ்டு 8-ந்தேதி அதே 82 செ.மீ. அவலாஞ்சியில் பதிவானது. ஊட்டியில் ஒரு வருஷம் முழுக்க பெய்வதே சுமார் 120 செ.மீ.தான்!

ஆக, வருஷத்துக்கு எவ்வளவு மழை என்ற கணக்கு மட்டும் உதவாது. எந்த சரிவில், எத்தனை மணி நேரத்தில் கொட்டுகிறது என்பதுதான் முக்கியம். காற்று 1 டிகிரி சூடானால் சுமார் 7 சதவீதம் கூடுதல் ஈரத்தை தாங்கும். அதனால் பெய்தால் மொத்தமாக கொட்டும் ஆபத்து கூடுகிறது.

என்ன செய்யலாம்?

மேற்கு பக்கம் குடியிருப்பவர்கள் ஜூனுக்கு முன்பும், கிழக்கு பக்கத்தினர் அக்டோபருக்கு முன்பும் வீட்டை சுற்றி மழைநீர் ஓடும் வழியை சுத்தம் செய்துவிட வேண்டும். மலையை செங்குத்தாக வெட்டிய இடத்தின் அடியில் வீடு இருந்தால் கூடுதல் உஷார் தேவை. தரையில் புது விரிசல், மரம் சாய்வது, ஊற்று நீர் திடீரென கலங்குவது, இதில் எதை பார்த்தாலும் "விடியட்டும், பார்க்கலாம்" என்று இருக்காதீர்கள். உடனே வெளியேறுவதுதான் உயிருக்கு பாதுகாப்பு.