துணியும் பீஸும்

பொங்கலூரிலிருந்து திருப்பூர் பனியன் கம்பெனிகளுக்குச் செல்லும் தொழிலாளரிடம் 'இன்று எத்தனை பீஸ்?' என்றால் கூலியைக் கேட்டதாகவே பொருள். ஆங்கிலத்தின் 'பீஸ்', போர்த்துகீசியரின் 'பெஸா' இரண்டும் ஒரு வேரில் பிறந்தவை. துண்டைக் குறித்த சொல் துணியின் அளவுக்கும் பெயராயிற்று.

நாம் இதற்குக் கடன்பட வேண்டியதில்லை. துணிப்பதால் துணி, துண்டிப்பதால் தோளில் போடும் துண்டு. சங்கப் புலவர் இளவேட்டனார் மதுரையில் அறுவை வாணிகம் செய்தவர். அறுத்து விற்கும் துணியே அந்த அறுவை. கேட்போரை வதைக்கும் இக்காலத்து அறுவை அன்று!

ஆனால் போர்த்துகீசிய அடிமை வியாபாரிகள் ஆப்பிரிக்க மனிதரையும் 'பெஸா' என்றே எண்ணினர். திடகாத்திரமான வாலிபன் ஒருவன் முழு பெஸா. குழந்தைகளும் முதியோரும் அவர்கள் கணக்கேட்டில் அரையும் காலுமான பின்னங்கள்.