தீவுப் பாதையும் புதிய மோட்டார் சைக்கிளும்

யாழ்ப்பாணத்துப் பண்ணைக் கரையிலே தொடங்கும் தாம்போதி, கடல்நீரேரியைக் கடந்து மண்டைதீவுச் சந்தியையும் அல்லைப்பிட்டியையும் தொட்டு வேலணையை அடைகின்றது. அங்கிருந்து ஒரு வீதி ஊர்காவற்றுறையை நோக்கிச் செல்லும். மற்றொன்று வாணர் தாம்போதி வழியாகப் புங்குடுதீவுக்கும், அதன் மேற்கு முனையிலுள்ள குறிகட்டுவான் இறங்குதுறைக்கும் செல்லும். குறிகட்டுவானில் வீதி முடிகின்றது. ஆனால் பயணம் முடிவதில்லை. நயினாதீவுக்கும் நெடுந்தீவுக்கும் போவோர் அங்கே படகேற வேண்டும். நயினாதீவு கண்ணுக்கெட்டிய தூரத்திலே உள்ளது. நெடுந்தீவுக்கோ ஏறக்குறைய ஒரு மணி நேரக் கடற்பயணம். ஊர்காவற்றுறைக்கும் காரைநகருக்கும் இடைப்பட்ட நீரைக் கடப்பதற்கு, அப்பகுதி மக்கள் ‘பாதை’ என்று வழங்கும் மிதவை ஓடுகின்றது. இவ்வாறு தரையும் கடலும் மாறிமாறி வரும் ஒரு பகுதியிலே மோட்டார் சைக்கிள் ஒன்றைத் தெரிவு செய்வது, பெருநகரத்திலே தெரிவு செய்வது போன்ற காரியமன்று.

அண்மைக் காலத்தில் மோட்டார் சைக்கிள் செலுத்துவோர் பலரும் ஆவலோடு எதிர்பார்ப்பது ‘சாகசப் பயண வண்டி’ என்னும் வகையையாகும். அதிலும் நடுத்தர அளவினதாகிய வண்டியின்மீதே அவர்கள் நாட்டம் மிகுதியாகச் செல்கின்றது. இவ்வண்டியின் இயல்பு யாது? அது எவ்வாறு தோன்றியது? தீவகம் போன்ற இடத்துக்கு அது எவ்வளவு பொருத்தமானது? இவற்றை முறையாக அறிந்துகொண்டால், எதிர்பார்ப்பு வீண்போகாது.

பண்டு மோட்டார் சைக்கிள்கள் இரு வகையாகப் பிரிந்து நின்றன. நல்ல வீதியிலே நெடுந்தூரம் செல்வதற்கு ஒரு வகை. கரடுமுரடான நிலத்திலே பந்தயம் ஓடுவதற்கு மற்றொரு வகை. முன்னையது மணலிலே புதையும். பின்னையது நெடுவழியிலே செலுத்துவோனைக் களைப்படையச் செய்யும். இவ்விரண்டின் நற்பண்புகளையும் ஒன்றுசேர்க்கும் முயற்சிக்குப் பெரிய தூண்டுதலாய் அமைந்தது, 1978ஆம் ஆண்டு டிசம்பர் 26ஆம் நாள் பாரிஸ் நகரிலிருந்து புறப்பட்டுச் சகாரா வழியாகத் தக்கார் நகரை அடைந்த நெடும்பந்தயமாகும். தியரி சபீன் என்னும் பிரெஞ்சுக்காரர் தொடங்கிய அப்பந்தயத்தின் முதல் மோட்டார் சைக்கிள் வெற்றி, யமஹா எக்ஸ்.ரி. 500 வண்டியைச் செலுத்திய சிரில் நெவுவுக்குக் கிடைத்தது. 1980இல் ஜெர்மனியின் பி.எம்.டபிள்யூ. நிறுவனம் ஆர் 80 ஜி/எஸ் என்னும் வண்டியை வெளியிட்டது. அதன் பெயரிலுள்ள இரண்டு எழுத்துக்கள் ‘கரட்டு நிலம்’, ‘வீதி’ என்னும் பொருளுடைய ஜெர்மன் சொற்களின் முதலெழுத்துக்களாம். ஏறக்குறைய 800 சி.சி. கொள்ளளவுடைய அதன் இயந்திரம் 50 குதிரைவலுவைத் தந்தது. இன்றைய சாகசப் பயண வண்டிகளுக்கெல்லாம் அதுவே மூத்தது என்று கருதப்படுகின்றது.

பின்னர் இவ்வகை வண்டிகள் ஆண்டுதோறும் பருத்தன. கொள்ளளவு 1,200 சி.சி.யையும் கடந்தது, எடை 250 கிலோகிராமை எட்டியது. ஐரோப்பாவின் அகன்ற நெடுஞ்சாலைகளில் அவை சிறப்புற்றன. ஆயினும் சேற்றிலே சாய்ந்துவிட்டால், ஒருவர் தனியே நின்று நிமிர்த்துவது அரிதாயிற்று. இதனாலேயே அளவிற் குறைந்த, ஆயினும் வலுவிற் குறையாத வண்டி வேண்டும் என்ற எண்ணம் வளர்ந்தது. சட்டமும் இதற்குத் துணை செய்தது. ஐரோப்பிய ஒன்றியத்தில் 2013ஆம் ஆண்டு நடைமுறைக்கு வந்த விதிகளின்படி, ‘ஏ 2’ என்னும் இடைநிலை அனுமதிப்பத்திரம் உடையோர் 35 கிலோவாற்று, அஃதாவது ஏறக்குறைய 48 குதிரைவலு வரையுள்ள வண்டிகளையே செலுத்தலாம். ஆகவே அவ்வெல்லைக்குட்பட்ட வண்டிகளை உருவாக்க நிறுவனங்கள் முற்பட்டன.

இம்முயற்சியிலே தமிழ்நாடு பெற்றுள்ள இடம் தமிழ் மக்கள் அறிந்து மகிழத்தக்கது. இங்கிலாந்தின் றோயல் என்பீல்ட் வண்டிகளை உருவாக்குவதற்காக 1955இல் சென்னையிலே தொடங்கப்பட்ட நிறுவனம், திருவொற்றியூரிலே தொழிற்சாலை அமைத்தது. ஆங்கிலேயத் தாய் நிறுவனம் மறைந்த பின்பும் சென்னை நிறுவனம் நிலைபெற்றது. அது 2016இல் 411 சி.சி. கொள்ளளவுடைய ‘ஹிமாலயன்’ என்னும் வண்டியை வெளியிட்டது. 2023 நவம்பரில் அதன் அடுத்த வடிவம் வந்தது. 452 சி.சி. கொள்ளளவும், நீரினாற் குளிர்விக்கப்படும் இயந்திரமும், 40 குதிரைவலுவும் உடையது அது. ஓசூரிலுள்ள ரி.வி.எஸ். நிறுவனமோ 2013இல் பி.எம்.டபிள்யூ. நிறுவனத்தோடு உடன்பாடு செய்து, பின்னர் ஜி 310 ஜி.எஸ். என்னும் சிறிய சாகசப் பயண வண்டியை அங்கே உருவாக்கியது. 2025 நவம்பரில் இத்தாலியின் மிலான் கண்காட்சியிலே எப் 450 ஜி.எஸ். என்னும் வண்டி வெளியிடப்பட்டது. அதுவும் ஓசூருக்கு உரியதே. 420 சி.சி. கொள்ளளவும் இரண்டு உருளைகளும் உடைய அதன் இயந்திரம் 48 குதிரைவலுவைத் தருகின்றது. எடை 178 கிலோகிராம். 1980இல் 800 சி.சி. இயந்திரம் தந்த வலுவுக்கு மிக அண்மித்த வலுவை, இன்று அதன் ஏறக்குறையப் பாதியளவு இயந்திரம் தருகின்றதென்றால், நாற்பத்தைந்து ஆண்டுகளில் நிகழ்ந்த முன்னேற்றம் விளங்கும்.

இலங்கையில் இவ்வெதிர்பார்ப்பு மேலும் நீண்டதற்கு ஒரு காரணம் உண்டு. அந்நியச் செலாவணிப் பற்றாக்குறையினால் 2020ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்தில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது. தனியார் வாகனங்களுக்கான தடை 2025 பெப்ரவரி முதலாம் நாளிலேயே நீங்கியது. ஏறக்குறைய ஐந்து ஆண்டுகள், புதிய வண்டிகளின் படங்களைப் பார்ப்பதோடு இந்நாட்டு ஆர்வலர் மனநிறைவு கொள்ள வேண்டியிருந்தது. அத்தகைய காத்திருப்பு ஆசையைப் பெருக்கும், ஆராய்ச்சியைக் குறைக்கும். ஆதலின் இவ்வண்டியின் அமைப்பை உறுப்புறுப்பாக நோக்குவது நன்று.

முதலாவது சக்கரம். ஹிமாலயன் 450 வண்டியின் முன்சக்கரம் 21 அங்குலம். பின்சக்கரம் 17 அங்குலம். சிறிய சக்கரம் கல்லில் முட்டி நின்றுவிடும் இடத்தில், பெரிய சக்கரம் அதன்மீது ஏறி உருண்டு செல்லும். நெடுந்தீவிலே முருகைக்கற்கள் நிறைந்த வழிகளில் இதன் பயன் தெளிவாகப் புலப்படும். இரண்டாவது அதிர்வுதாங்கி. சக்கரம் மேலும் கீழும் அசைவதற்கு அவ்வண்டியில் 200 மில்லிமீற்றர் இடம் உண்டு. பள்ளத்தில் இறங்கும்போது வண்டியின் உடல் குலுங்காமல், சக்கரம் மட்டும் நிலத்தைப் பின்தொடரும். மூன்றாவது முறுக்குவிசை. மணலிலும் சேற்றிலும் தேவைப்படுவது வேகமன்று. இயந்திரம் மெதுவாகச் சுழலும்போதே சக்கரத்தைத் தள்ளவல்ல ஆற்றலாகும். அவ்வாற்றல் இல்லாத வண்டியில் செலுத்துவோன் இயந்திரத்தை மேலும் முடுக்குவான். சக்கரம் ஓரிடத்திலேயே சுழன்று குழி தோண்டும்.

மணலைக் கடப்பதற்கு வேறோர் உபாயமும் உண்டு. ரயரின் காற்றைச் சிறிது குறைத்தால், அது தட்டையாகி நிலத்திலே அகன்று பதியும். பாரம் பரந்த இடத்திலே தாங்கப்படுவதால் சக்கரம் ஆழப் புதையாது. கடினமான வீதியை அடைந்தவுடன் மீண்டும் காற்று நிரப்புதல் வேண்டும். இல்லையேல் ரயர் சூடேறிக் கெடும். எந்த விலையுயர்ந்த வண்டியும் இவ்வறிவுக்கு ஈடாகாது.

இனி, தீவகத்துக்கே உரிய சோதனைகளைக் கருதுவோம். அவற்றுள் தலையாயது எடை. சாதாரண 100 சி.சி. வண்டி ஏறக்குறைய 110 கிலோகிராம் எடையுள்ளது. ஹிமாலயன் 450 வண்டியோ 196 கிலோகிராம். இரண்டுக்கும் உள்ள வேறுபாடு ஒரு முழு மனிதனின் எடைக்கு மேற்பட்டது. வீதியிலே ஓடும்போது இவ்வேறுபாடு பெரிதாகத் தோன்றாது. ஆனால் இறங்குதுறையிலே படகு அலையில் ஏறியிறங்கிக்கொண்டிருக்க, வண்டியைக் கைகளால் தாங்கிப் படகில் ஏற்றும்போது அது நன்கு தெரியும். இருவர் பிடித்து ஏற்றும் சிறிய வண்டிக்குப் பதிலாக, நால்வரோ ஐவரோ கைகொடுக்க வேண்டும். சோளகக் காற்று வீசும் மாதங்களில் ஒரு கை தவறினாலும் வண்டியும் மனிதனும் நீரில் வீழ நேரும். இருக்கையின் உயரமும் இதனோடு சேர்த்து எண்ணத்தக்கது. நிலத்திலிருந்து 825 மில்லிமீற்றர் உயரமுள்ள இருக்கையில் அமர்வோர் பலருக்கு, இரு பாதங்களும் முழுமையாக நிலத்திலே பதியமாட்டா. மிதவையின் ஆடும் பலகையிலே இது சிறு குறையன்று.

இரண்டாவது சோதனை உப்பு. தாம்போதிகளின் இருமருங்கும் கடல்நீர், காற்றிலே உப்புத்துளி. உருக்கும் அலுமினியமும் ஒன்றையொன்று தொடும் இடங்களில் உப்புநீர் படிந்தால், அங்கே மின்கலத்தில் நிகழ்வது போன்ற இரசாயன மாற்றம் ஏற்பட்டு, அலுமினியம் அரிக்கப்படும். சங்கிலியும் ஆரக்கம்பிகளும் மின்னிணைப்புகளும் விரைவில் துருப்பிடிக்கும். இதற்குரிய மருந்து எளியது: ஓட்டத்தின் பின் நன்னீராற் கழுவி, உலர்த்தி, எண்ணெய் பூசுதல். ஆனால் நன்னீர் அரிதாகிய நெடுந்தீவில், கோடையிற் கிணறுகள் உவர்க்கும் இடங்களில், வண்டி கழுவும் நீர் ஒரு குடும்பத்தின் குடிநீராகவும் இருக்கக்கூடும். பெரிய வண்டிக்கு மேலும் மிகுதியான நீர் வேண்டும் என்பதையும் மறத்தல் ஆகாது.

மூன்றாவது சோதனை பழுது. 1990ஆம் ஆண்டின் பின்னர், போர்க்காலத் தடைகளினால் யாழ்ப்பாணத்திலே பெற்றோல் அருகியபோது, மக்கள் மண்ணெண்ணெயைக் கொண்டு மோட்டார் சைக்கிள் ஓட்டினர். மண்ணெண்ணெய் குளிர்ந்த இயந்திரத்தில் எளிதிலே ஆவியாகாது. ஆதலால் சில துளி பெற்றோலைக் கொண்டு இயந்திரத்தைத் தொடக்கி, அது சூடேறிய பின் மண்ணெண்ணெய்க்கு மாற்றினர். புகை மிகுந்தது, இயந்திரம் தேய்ந்தது. ஆயினும் நோயாளர் வைத்தியசாலையை அடைந்தனர். ஆசிரியர் பாடசாலையை அடைந்தனர். அக்காலத்து ஹொண்டா வண்டிகளின் எளிய காபுரேற்றர் அமைப்பு இதற்கு இடங்கொடுத்தது. இன்றைய வண்டியிலோ எரிபொருளைச் செலுத்துவது மின்னணுக் கருவி. அது எரிபொருளைச் சிக்கனமாக அளந்து கொடுக்கும், புகையைக் குறைக்கும். ஆனால் அது பழுதுற்றால் மரநிழலிலே சாவியும் திருப்புளியும் கொண்டு திருத்த இயலாது. கணிப்பொறிக் கருவியுடைய வேலைத்தலத்துக்கு, வண்டியை மீண்டும் கடல் கடத்திக் கொண்டுசெல்ல வேண்டும்.

எரிபொருளும் இத்தகையதே. நெடுந்தீவுக்கு வேண்டிய ஒவ்வொரு லீற்றர் பெற்றோலும் கடல் கடந்தே வருதல் வேண்டும். 2022ஆம் ஆண்டின் பொருளாதார நெருக்கடியின்போது, மோட்டார் சைக்கிள் ஒன்றுக்கு வாரத்துக்கு 4 லீற்றர் என்று முதலில் அளந்து கொடுக்கப்பட்டது. லீற்றருக்கு 55 கிலோமீற்றர் ஓடும் சிறிய வண்டி, அவ்வளவைக் கொண்டு 220 கிலோமீற்றர் ஓடும். லீற்றருக்கு 28 கிலோமீற்றர் ஓடும் பெரிய வண்டியோ ஏறக்குறைய 110 கிலோமீற்றரோடு நின்றுவிடும். பஞ்ச காலத்திலேதான் ஒரு கருவியின் உண்மையான விலை வெளிப்படும்.

இவற்றால் நடுத்தர வண்டி தீவகத்துக்கு வேண்டாதது என்று கொள்ளுதல் பொருந்தாது. யாழ்ப்பாணத்திலிருந்து கண்டிக்கும் மலைநாட்டுக்கும் நெடும்பயணம் செய்வோருக்கும், இருவர் அமர்ந்து பொதியோடு செல்வோருக்கும், அது பாதுகாப்பும் களைப்பின்மையும் தரும். அதன் வலிய பிரேக்குகள் உயிர் காப்பன. எனினும் ‘சாகசம்’ என்னும் சொல்லை நம்பி, வழிவிட்டு விலகி நெடுந்தீவின் புல்வெளியிலே வண்டியை ஓட்டுதல் தகாது. அப்புல்வெளி, போர்த்துக்கேயர் ஒல்லாந்தர் காலத்திலிருந்து வழிவழி வந்து இன்று காட்டுக்குதிரைகளாகத் திரியும் கூட்டத்தின் மேய்ச்சல் நிலம். 2015இல் அத்தீவின் ஒரு பகுதி தேசியப் பூங்காவாகப் பிரகடனம் செய்யப்பட்டது. சாந்து இன்றி முருகைக்கற்களை அடுக்கி எழுப்பிய வேலிகள், ஒருமுறை சரிந்தால் அவற்றை மீண்டும் அடுக்கவல்ல கைகள் நாளுக்கு நாள் அருகி வருகின்றன.

ஆகவே, நடுத்தரம் என்பதை சி.சி. கணக்கினால் மட்டும் அளத்தல் போதாது. செலுத்துவோனால் நிமிர்த்தக்கூடிய எடை, அவனூரிலே திருத்தக்கூடிய அமைப்பு, அவனுக்குக் கிட்டக்கூடிய எரிபொருள், அவன் நிலம் தாங்கக்கூடிய பாரம் ஆகிய நான்கும் சேர்ந்து வகுப்பதே நடுத்தரம். மிலானிலே 178 கிலோகிராம் வண்டி இலேசானது என்று பாராட்டப்படுவது நேர்மையே. குறிகட்டுவானிலே அவ்வெண்ணுக்குப் பொருள் வேறு. புதிய வண்டிக்காகக் காத்திருக்கும் இளைஞர்கள், அதன் விலையை விசாரிக்குமுன் இந்நான்கையும் தம் ஊரோடு ஒப்பிட்டுப் பார்ப்பார்களாயின், அவர்கள் வாங்கும் வண்டி பெரிதாயினும் சிறிதாயினும் அவர்களைக் கரை சேர்க்கும்.