பாய்லரில் அழுத்தம் எந்தப் பக்கம்?

அழுத்தம் கூடினால் புகையில் நைட்ரஜன் ஆக்சைடு குறையும் என்று படித்ததும், "மேட்டூர் அனல் மின் நிலைய பாய்லரில்தான் 150 கிலோ அழுத்தம் இருக்கிறதே, அப்புறம் என்ன?" என்று நம்மில் பலர் கேட்போம். அங்கேதான் சிக்கல். சதுர சென்டிமீட்டருக்கு 150 கிலோ என்பது குழாய்க்குள் இருக்கும் நீராவியின் அழுத்தம். குழாய்க்கு வெளியே, நிலக்கரி எரியும் ஃபர்னஸில், ஐ.டி. ஃபேன் புகையை இழுப்பதால் வெளிக்காற்றைவிடத் துளி குறைவாகவே அழுத்தம் இருக்கும். வேண்டுமென்றேதான் அப்படி வைக்கிறார்கள். இல்லாவிட்டால் சின்னச் சந்து கிடைத்தாலும் தீ வெளியே சீறும். பக்கத்தில் நிற்பவன் கதி என்ன ஆவது?

நைட்ரஜன் இரண்டு வழியில் வருகிறது. காற்றில் உள்ளது 1500 டிகிரிக்கு மேல்தான் பெரிய அளவில் ஆக்சிஜனோடு சேரும். நிலக்கரிக்குள்ளேயே 1 முதல் 2 சதவீதம் வரை இருப்பது, குறைந்த சூட்டிலும் சேர்ந்துவிடும். தூள் நிலக்கரி பாய்லரில் பெரும்பங்கு இதுதான்.

இதைத்தான் அழுத்தம் மாற்றுகிறது. 10, 12 மடங்கு அழுத்தத்தில் எரித்தால், கரித்துண்டின் நுண்துளைக்குள் பிறக்கும் நைட்ரிக் ஆக்சைடு சட்டென்று வெளியே வர முடியாது. உள்ளேயே சூடான கார்பனில் மோதி மோதி, ஆக்சிஜனைக் கொடுத்துவிட்டு வெறும் நைட்ரஜனாகிவிடும். ஆனால் சிரிப்பு வாயு எனும் நைட்ரஸ் ஆக்சைடு அவ்வளவு லேசில் மசியாது. பூமியைச் சூடாக்குவதில் அது கார்பன் டை ஆக்சைடைவிட சுமார் 270 மடங்கு பொல்லாதது. சூட்டைக் கூட்டினால் அது குறையும், நைட்ரிக் ஆக்சைடு ஏறும். இரண்டும் இழுபறிதான்!

ஸ்வீடனின் ஸ்டாக்ஹோமில் 1990-களின் தொடக்கத்தில் எரியும் படுகை முழுவதையும் ஒரு அழுத்தக் கலனுக்குள் வைத்து, சுமார் 850 டிகிரியில் எரித்தார்கள். 2020-இல் அதை மூடிவிட்டார்கள். நம்ம திருச்சி பெல் நிறுவனமும் அழுத்தப் படுகையில் நிலக்கரியை வாயுவாக்கிப் பார்த்தது.

மேட்டூரில் 1987 முதல் 1990 வரை வந்த நான்கு 210 மெகாவாட் யூனிட்டுகளை இனி கலனுக்குள் போட முடியாது. 2015 டிசம்பரில் மத்திய அரசு இத்தகைய பழைய யூனிட்டுகளுக்கு விதித்த வரம்பு கனமீட்டருக்கு 600 மில்லிகிராம். அங்கே கையில் இருக்கும் கருவி காற்றுதான்: பர்னரில் கொஞ்சம் குறைத்து, மீதியை மேலே விடுவது. ரொம்பக் குறைத்தால் சாம்பலோடு எரியாத கரி போகும், காசும் போகும். அப்ரெண்டிஸாகப் போகிறவர்கள் கன்ட்ரோல் ரூமில் முதலில் ஆக்சிஜன் மீட்டரைப் பாருங்கள். அந்த யூனிட்டை எப்படி ஓட்டுகிறார்கள் என்று அதிலேயே தெரிந்துவிடும்.