டிக்கியில் ஆம்ப்... ஃபியூஸ் எங்கே? காரில் பாஸ் ஏற்றும் முன் ஒரு கணக்கு!

போன மே மாதம் பெரியப்பா குடும்பத்தோடு அண்ணனின் காரில் கொடைக்கானல் கிளம்பினோம். முந்தின வாரம்தான் டிக்கியில் சப் வூஃபரும் ஆம்ப்ளிஃபயரும் ஏறியிருந்தன. திண்டிவனம் தாண்டியதும் ரப்பர் கருகும் வாடை. "முன்னாடி போற லாரி டயரா இருக்கும்" என்றார் பெரியப்பா. டேஷ்போர்டுக்குக் கீழே புகை தெரிந்ததும் அண்ணன் வண்டியை ஓரங்கட்டினார். தூங்கிக்கொண்டிருந்த குழந்தையை அள்ளிக்கொண்டு அண்ணி இறங்கிவிட்டார். அண்ணன் ஸ்பேனரால் பேட்டரியின் நெகட்டிவ் முனையைக் கழற்றிய பிறகுதான் புகை அடங்கியது.

ஆம்ப்பில் ஃபியூஸ் இருந்ததே, அது ஏன் போகவில்லை? வழியில் பார்த்த எலெக்ட்ரீஷியன் பேனட்டைத் திறந்ததுமே காட்டிவிட்டார். இன்ஜினுக்கும் கேபினுக்கும் நடுவிலுள்ள தகட்டில் ஓட்டை போட்டு, ரப்பர் வளையம்கூட மாட்டாமல் ஒயரை இழுத்திருந்தார்கள். தகட்டின் விளிம்பு உரசி உரசி உறை கிழிந்து, செம்பு பாடியைத் தொட்டுவிட்டது. கார் பாடியே நெகட்டிவ் என்பதால் அது நேரடி ஷார்ட். அந்த மின்சாரம் டிக்கிவரை போகவே இல்லை. அங்கே இருக்கும் ஃபியூஸுக்கு எப்படித் தெரியும்?

பலரும் தப்பாக நினைக்கும் இடம் இதுதான். பேட்டரி பக்கத்து ஃபியூஸ் ஆம்ப்பைக் காக்க அல்ல, ஒயரைக் காக்க. கார் பேட்டரி ஷார்ட்டானால் நூற்றுக்கணக்கான ஆம்பியரைக் கொட்டும். அதனால் பாசிட்டிவ் முனையிலிருந்து ஒன்றரை அடிக்குள் ஃபியூஸ் இருக்க வேண்டும்.

எத்தனை ஆம்பியர்?

அட்டைப் பெட்டியில் கொட்டை எழுத்தில் இருக்கும் '2000 வாட்'டை நம்பாதீர்கள். உள்ளே பொடி எழுத்தில் இருக்கும் ஆர்.எம்.எஸ் வாட்தான் கணக்கு. உதாரணமாக 500 வாட் ஆர்.எம்.எஸ் உள்ள கிளாஸ் டி ஆம்ப். வாங்கும் மின்சாரத்தில் சுமார் 80 சதவிகிதம்தான் ஒலிக்குப் போகும், மீதி சூடாகிவிடும். ஆக அது இழுப்பது 625 வாட். இன்ஜின் ஓடும்போது உள்ள 13.8 வோல்ட்டால் வகுத்தால் சுமார் 45 ஆம்பியர். 50 அல்லது 60 ஆம்பியர் ஃபியூஸ் போதும். கிளாஸ் ஏபி ஆம்ப் என்றால் இதைவிட அதிகம் இழுக்கும். கணக்கு வராதா? ஆம்ப் மேலேயே இருக்கும் ஃபியூஸ்களைக் கூட்டிப் பாருங்கள். இரண்டு 30 என்றால் 60.

எவ்வளவு தடிமன்?

ஒயர் கேஜில் எண் குறையக் குறையத் தடிமன் கூடும். 8 கேஜ் சுமார் 8 சதுர மி.மீ, 4 கேஜ் சுமார் 21 சதுர மி.மீ. பேட்டரியிலிருந்து டிக்கிக்கு 5 மீட்டர் என்று வையுங்கள். 45 ஆம்பியர் ஓடும்போது 8 கேஜ் செம்பு ஒயர் கிட்டத்தட்ட அரை வோல்ட்டை வழியிலேயே தின்றுவிடும். 4 கேஜில் அது 0.2 வோல்ட்டுக்கும் குறைவு. பாஸ் அடிக்கும்போதெல்லாம் ஹெட்லைட் மங்கினால், ஒயரும் ஒரு காரணமாக இருக்கலாம். நம் 500 வாட்டுக்கு 4 கேஜ்தான் நிம்மதி.

ஃபியூஸ் அளவு ஒயர் தாங்கும் அளவைத் தாண்டவே கூடாது. சுத்தமான செம்பில் 8 கேஜுக்கு 50, 4 கேஜுக்கு 100 ஆம்பியர் வரை போடுவது வழக்கம். அடிக்கடி ஃபியூஸ் போகிறதே என்று பெரிய ஃபியூஸ் மாட்டுவதும், சிகரெட் அட்டை ஃபாயிலைச் சுற்றுவதும் ஒயரையே ஃபியூஸாக்கும் வேலை!

சென்னை ஜி.பி. ரோட்டில் 'ஆம்ப் கிட்' கேட்டால் பளபளவென்று ஒரு பாக்கெட் தருவார்கள். விலை மலிவாக இருந்தால் அது செம்பு முலாம் பூசிய அலுமினியமாக இருக்க வாய்ப்புண்டு. ஒரு இழையை பிளேடால் சுரண்டுங்கள். உள்ளே வெள்ளையாகத் தெரிந்தால் அலுமினியம்தான். அதன் மின்தடை செம்பைவிட ஒன்றரை மடங்குக்கு மேல். வாங்கித்தான் ஆக வேண்டும் என்றால் ஒரு சைஸ் பெரியதாக வாங்குங்கள். உறை மட்டும் தடிமனாக இருக்கும் ஒயர்களும் உண்டு, வெட்டிப் பார்க்காமல் காசு கொடுக்காதீர்கள்.

எர்த் ஒயரும் அதே தடிமனில், முடிந்தவரை குட்டையாக இருக்கட்டும். பாடியில் பெயின்ட்டைச் சுரண்டிவிட்டு போல்ட்டால் இறுக்க வேண்டும்.

அண்ணன் வண்டியில் இப்போது 4 கேஜ் செம்பு ஒயர், ஓட்டையில் ரப்பர் வளையம், பேட்டரி பக்கத்தில் 60 ஆம்பியர் ஃபியூஸ். ஆனாலும் லாரி கடக்கும்போதெல்லாம் பெரியப்பா கண்ணாடியை இறக்கி ஒருமுறை மோந்து பார்க்கிறார்.