சாயும் சதுரம், சாயாத முக்கோணம்

ஒரு தீப்பெட்டி, கொஞ்சம் சைக்கிள் வால்வு டியூப். தொடக்க வகுப்பில் வடிவியலை ஆரம்பிக்க இவை போதும். மத்தியப் பிரதேசத்தில் 1972இல் 16 நடுநிலைப் பள்ளிகளில் தொடங்கியது ஹோஷங்காபாத் அறிவியல் கற்பித்தல் திட்டம். அதில் பங்கேற்ற பொறியாளர் அரவிந்த் குப்தா, இந்த இரண்டையும் கொண்டு செய்த மாதிரிகளைப் புத்தகமாக்கிப் பரப்பினார். குச்சி முனையிலுள்ள மருந்தைச் சுரண்டிவிட்டு, டியூபை ஒன்றரை சென்டிமீட்டர் துண்டுகளாக வெட்டிக்கொள்ள வேண்டும். துண்டின் இரு முனைகளிலும் குச்சியைச் செருகினால், வளைந்துகொடுக்கும் மூட்டு தயார். மூன்று குச்சிகள் சேர்ந்தால் முக்கோணம், நான்கு சேர்ந்தால் சதுரம். விரலால் அழுத்தினால் சதுரம் சாய்ந்துவிடும், முக்கோணம் அசையாது. மூன்று பக்கங்களின் நீளமும் முடிவாகிவிட்டால் கோணங்கள் மாற வழியில்லை. மின்கோபுரத்திலும் ரயில் பாலத்திலும் இரும்புச் சட்டங்களை முக்கோணங்களாகப் பின்னுவது இதனால்தான்.

கையால் செய்தாலே பாடம் புரிந்துவிடும் என்று நான் சொல்லவில்லை. தெர்மாகோல் எரிமலைக்கு வண்ணம் பூசும்போதும் கை வேலை செய்கிறது. ஆனால் அந்த எரிமலை குழந்தை நினைத்த எதையும் மறுப்பதில்லை. குழந்தை முதலில் ஒன்றைக் கணித்துச் சொல்ல வேண்டும். அது சரியா தவறா என்பதைப் பொருள் காட்ட வேண்டும். செய்முறையின் உயிர் அங்கேதான் இருக்கிறது. சாயும் சதுரத்தை எப்படி நிறுத்துவது என்று கேட்டால், குறுக்கே ஒரு குச்சி வைக்கலாம் என்பார்கள். எதிரெதிர் மூட்டுகளில் ஊசியால் துளையிட்டு அதே நீளக் குச்சியைச் செருகினால் உருவம் உறுதியாகும், ஆனால் சதுரம் போய்ச் சாய்சதுரமாகிவிடும். இரண்டு சமபக்க முக்கோணங்கள் ஒட்டி நிற்பது கண்ணுக்குத் தெரியும். சதுரம் சதுரமாகவே நிற்க இன்னும் நீளமான குச்சி வேண்டும். எவ்வளவு நீளம்? ஈர்க்குச்சியை வெட்டி வெட்டி வைத்துப் பார்த்தால், பக்கத்தைப்போல் ஏறக்குறைய 1.4 மடங்கில் பொருந்தும். பெரிய சதுரத்துக்கும் அதே 1.4தான். பிதாகரஸ் தேற்றம் பாடமாக வருவதற்குப் பல ஆண்டுகள் முன்பே அதற்கான கேள்வி குழந்தைக்குள் எழுந்துவிடுகிறது.

நாற்பது பேர் இருக்கும் வகுப்பில் இதற்கெல்லாம் நேரம் ஏது என்பது நியாயமான கேள்விதான். எல்லாப் பாடத்துக்கும் இது வேண்டியதில்லை. வாய்ப்பாட்டை மனப்பாடம்தான் செய்ய வேண்டும். ஆனால் பொருளே தீர்ப்புச் சொல்லும் இடத்தில், ஆசிரியர் ஒவ்வொரு குழுவாகப் போய்த் திருத்தும் வேலை பெரும்பாலும் மிச்சம். பன்னிரண்டு குச்சிகளால் செய்த கனசதுரம் அசையாமல் நிற்க எத்தனை குறுக்குக் குச்சிகள் வேண்டும் என்று கேட்டுவிட்டு அவர் ஒதுங்கி நிற்கலாம். முகத்துக்கு ஒன்றாக ஆறு வேண்டும். ஐந்தோடு நிறுத்திய குழுவின் கனசதுரம் தானே ஆடிக் காட்டிக்கொடுத்துவிடும்.