கோடையில் குழந்தைகளுக்குக் கைவேலை: தோட்டத்துப் பொருளே போதும்

சித்திரை பிறந்தால் சென்னையில் மயிலாப்பூர், தியாகராய நகர், அடையாறு ஆகிய பகுதிகளில் கோடை முகாம் அறிவிப்புகளைக் காணலாம். பள்ளி வயது எட்டாத 3, 4 வயதுக் குழந்தைகளையும் இந்த முகாம்களில் சேர்த்துக் கொள்கிறார்கள். களிமண் பிசைதல், காகிதம் மடித்தல், ஓலை பின்னுதல், வெண்டைக்காயை வெட்டி வண்ணத்தில் தோய்த்து அச்சுப் பதித்தல் ஆகியவற்றைக் கற்றுக் கொடுக்கிறார்கள். இவற்றுக்குப் பெற்றோர் கட்டணம் செலுத்த வேண்டும். களிமண்ணும் ஓலையும் வெண்டைக்காயும் கிராமத்தில் விளைபவை. ஆகவே, சிறு விவசாயிகள் தங்கள் குழந்தைகளுக்கு இவற்றைச் செலவின்றிச் செய்து கொடுக்கலாம்.

இது வெறும் பொழுதுபோக்கு அல்ல. கோடையில் அங்கன்வாடிக்கு விடுமுறை விடும் நாட்களில் தாயும் தந்தையும் வயலுக்குச் சென்றுவிட்டால், சிறு குழந்தை கவனிப்பாரின்றித் திரிய நேரிடும். கிணறு, பம்புசெட்டுத் தொட்டி, மூலையில் கிடக்கும் பூச்சிமருந்து டப்பா ஆகியவை அதன் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கின்றன. ஒரு பெரியவரின் கண்பார்வையில், நிழலில் உட்கார்ந்து செய்யும் வேலை இருந்தால் குழந்தை அந்தப் பக்கம் போகாது.

அடையாறு தந்த பாடம்

குழந்தைக் கல்வியில் உலகப் புகழ் பெற்ற இத்தாலிய மருத்துவர் மரியா மாண்டிசோரி அம்மையார் 1939ஆம் ஆண்டு சென்னைக்கு வந்தார். அடையாறு பிரம்மஞான சபை வளாகத்தில் ஆசிரியர்களுக்குப் பயிற்சி அளித்தார். உலகப் போர் காரணமாக 1946 வரை இந்தியாவிலேயே தங்க நேர்ந்தது. சிறு குழந்தை கையால் செய்தே கற்கிறது என்பது அவர் கருத்து. ஒரு கிண்ணத்திலிருந்து மற்றொன்றுக்குத் தானியத்தை மாற்றுதல், தண்ணீர் ஊற்றுதல், துணி மடித்தல், பெருக்குதல் போன்ற வீட்டு வேலைகளையே அவர் பாடமாக வைத்தார். விவசாயியின் வீட்டில் இவற்றுக்குக் குறைவே இல்லை.

களிமண்ணைப் பிசையும் விரல்களுக்கு வலுவேறும். பிற்காலத்தில் எழுதுகோலைப் பிடிக்க அந்த வலுவே உதவும். பெரிது சிறிது, நெட்டு குறுக்கு, ஒன்று இரண்டு என்பவற்றைக் குழந்தை தொட்டுப் பார்த்தே அறிந்து கொள்கிறது.

களிமண் சொப்பு (2 வயது முதல்)

ஏரி, குளத்துக் களிமண் ஏற்றது. சாக்கடை கலக்கும் இடத்திலும், பூச்சிமருந்து தெளித்த வயலிலும் மண் எடுக்கக் கூடாது. மண்ணை உலர்த்தித் தட்டிச் சலித்து, கல், முள், கண்ணாடிச் சில்லு ஆகியவற்றை நீக்க வேண்டும். இரவு முழுவதும் ஊறவைத்து, மறுநாள் சப்பாத்தி மாவுப் பதத்தில் பிசைய வேண்டும். சிறிது நைசான மணல் சேர்த்தால் காயும்போது அதிகம் வெடிக்காது. உருண்டை, பாம்பு, அகல், அடுப்பு, பானை என்ற வரிசையில் கற்றுக் கொடுக்கலாம். செய்தவற்றை வெயிலில் வைக்காமல் நிழலில் உலர்த்துவது நல்லது. மயிலாப்பூரில் பங்குனி அறுபத்துமூவர் திருவிழாவின்போது மாடவீதிகளில் சொப்புகள் விற்பனைக்கு வரும். தானே செய்த சொப்பில் குழந்தைக்கு இருக்கும் பெருமை கடையில் வாங்கியதில் இராது.

காய் அச்சு (3 வயது முதல்)

விற்பனைக்கு ஆகாத முற்றிய வெண்டைக்காயைக் குறுக்கே வெட்டினால் பூப்போன்ற அச்சு கிடைக்கும். வாழை மட்டையைக் குறுக்கே வெட்டினால் சிறு சிறு அறைகள் கொண்ட பிறைவடிவம் பதியும். வெட்டும் வேலை பெரியவர்களுடையது. மஞ்சள்தூள், பீட்ரூட் சாறு, அடுப்புக்கரித் தூள் ஆகியவற்றை நீர்த்த கஞ்சியில் தனித்தனியே கலந்தால் 3 வண்ணங்கள் கிடைக்கும். பழைய செய்தித்தாளிலோ சாணம் மெழுகிய திண்ணையிலோ பதிக்கலாம். மஞ்சளுடன் சுண்ணாம்பு சேர்த்தால் சிவப்பு வரும். ஆனால் சுண்ணாம்பு கண்ணில் பட்டால் பார்வைக்கே கேடு. ஆகவே குழந்தைகளின் வேலையில் அதைச் சேர்க்கக் கூடாது. மருந்து தெளித்த செடியின் காயை, அறுவடைக்குக் குறிப்பிட்ட காத்திருப்பு நாட்கள் முடிந்த பிறகே கொடுக்க வேண்டும்.

ஓலைப் பாய் (4 வயது முதல்)

பனை மட்டையின் கருக்கு கையைக் கிழிக்கும். ஆகவே சிறு குழந்தைகளுக்குத் தென்னோலையே ஏற்றது. ஈர்க்கை நீக்கிவிட்டு, சுமார் 1 அங்குல அகலமுள்ள பச்சை ஓலைத் துண்டுகளை எடுத்துக் கொள்ள வேண்டும். 4 துண்டுகளை நெட்டாகப் பரப்பி, மேலும் கீழுமாக 4 துண்டுகளைக் குறுக்கே செலுத்தினால் பொம்மைக்கு ஒரு பாய் தயார். முதல் வரிசையைப் பெரியவர் பின்னிக் காட்டினால் போதும். தவறினாலும் திருத்தாமல் விடலாம். கொல்லையில் குவித்து வைத்த பழைய ஓலையில் தேள், பூரான் இருக்கக்கூடும். அதில் குழந்தையைக் கைவிட அனுமதிக்கக் கூடாது.

நுங்கு வண்டி (4 வயது முதல்)

தமிழ்நாட்டின் மாநில மரமான பனை தரும் விளையாட்டுப் பொருள் இது. சென்னைத் தெருவோரங்களில் நுங்கு எடுத்த காய் குப்பைக்குப் போகிறது. கிராமத்தில் அதுவே சக்கரம். ஒரே அளவுள்ள 2 காய்களை எடுத்து, 1 அடி நீளக் குச்சியின் இரு முனைகளிலும் செருக வேண்டும். 3 அடி நீளமுள்ள கவட்டைக் குச்சியை நடுவில் வைத்துத் தள்ளினால் வண்டி ஓடும். துளை போடுவதும் குச்சியின் முனையை மழுக்குவதும் பெரியவர்கள் வேலை. ஈ மொய்க்கத் தொடங்கியதும் அந்தக் காய்களை எருக்குழியில் போட்டுவிட்டுப் புதியன செருகிக் கொள்ளலாம்.

கவனிக்க வேண்டியவை

1. குன்றிமணி அழகாக இருப்பதால் அதைக் கோத்து விளையாடக் கொடுப்பது உண்டு. இது பெரும் தவறு. அதன் கடினத் தோலுக்குள் கொடிய நஞ்சு உள்ளது. துளையிட்டாலும் கடித்தாலும் நஞ்சு வெளிப்படும். ஆமணக்கு, காட்டாமணக்கு, அரளி, ஊமத்தை ஆகியவற்றின் விதைகளையும் குழந்தைகளின் கைக்கெட்ட விடக் கூடாது.

2. விதைநேர்த்தி செய்து மீந்த, சிவப்பு நிறம் ஏறிய விதைகள் குழந்தையின் கண்ணைக் கவரும். அவற்றைப் பூட்டி வைக்க வேண்டும். பூச்சிமருந்து டப்பாவை எவ்வளவு கழுவினாலும் விளையாட்டுப் பொருளாக்கக் கூடாது. ஓட்டை போட்டு அப்புறப்படுத்துவதே முறை.

3. பயறு, கடலை, புளியங்கொட்டை போன்றவை மூக்கிலும் காதிலும் மூச்சுக்குழலிலும் சிக்கும். இவற்றுக்குப் பதிலாகக் கொட்டாங்குச்சி, பனங்கொட்டை போன்ற பெரிய பொருட்களை எண்ணக் கொடுக்கலாம்.

4. நச்சு விதையையோ மருந்தையோ விழுங்கியதாகச் சந்தேகம் வந்தாலே 108க்குத் தகவல் கொடுத்து மருத்துவமனைக்குக் கொண்டுசெல்ல வேண்டும். உப்புநீர் கொடுத்து வாந்தி எடுக்க வைக்கக் கூடாது. விழுங்கிய விதையின் மாதிரியையோ மருந்து டப்பாவையோ மருத்துவரிடம் காட்டுவது சிகிச்சைக்கு உதவும்.

எப்போது, யார் பொறுப்பில்?

காலை 10 மணிக்கு முன்பும் மாலை 4 மணிக்குப் பின்பும் வேம்பு, புங்க மர நிழலில் வைத்துக் கொள்ளலாம். ஒரே வேலையில் இந்த வயதுக் குழந்தை 10 அல்லது 15 நிமிடங்களுக்கு மேல் நிலைப்பது அரிது. சலித்தால் வேலையை மாற்ற வேண்டும், வற்புறுத்தக் கூடாது. இடையிடையே தண்ணீர் அல்லது மோர் கொடுத்து வரவேண்டும்.

களையெடுப்பு, அறுவடைக் காலத்தில் ஒரே தெருவைச் சேர்ந்த 4 அல்லது 5 குடும்பத்தினர் தங்களுக்குள் முறை வைத்துக் கொள்ளலாம். ஒருநாள் ஒரு வீட்டுப் பெரியவர் எல்லாக் குழந்தைகளையும் பார்த்துக் கொண்டால், மற்ற வீட்டார் கவலையின்றி வயலில் வேலை செய்யலாம். ஓலை பின்னத் தெரிந்த பாட்டியும் சொப்பு செய்யத் தெரிந்த தாத்தாவும் இன்னும் பல ஊர்களில் இருக்கிறார்கள். தங்களிடம் உள்ள கைத்திறனைப் பேரப்பிள்ளைகளுக்குக் கற்றுக் கொடுக்க அவர்களுக்கும் இது நல்ல வாய்ப்பு. வரும் கோடையில் கிணற்றுக்கும் தொட்டிக்கும் மூடி போட்டு, மருந்து டப்பாக்களைப் பூட்டி வைத்துவிட்டு, ஒரு சட்டி களிமண்ணுடன் இந்த வேலையைத் தொடங்கலாம்.